முட்டைக்குக் காவல் இருந்தோம், தாய்க்கு?

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை இரவு. நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் ஏழு கிலோமீட்டர், ஈர மணலிலேயே நடக்க வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. முட்டையிடக் கரையேறும் ஆமை மிரண்டு திரும்பிவிடும். சென்னையில் பல வருடங்களாக நடக்கிற 'ஆமை நடை' அது. நானும் ஆர்வக் கோளாறில் போயிருந்தேன்.

முதலில் எதிர்ப்பட்டது ஆமை இல்லை, நாற்றம். உடல் உப்பி, கண் பிதுங்கி, ஒரு பெரிய ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. யாரும் அதிகம் பேசவில்லை, நடந்தோம். விடியற்காலை மூன்று மணி வாக்கில்தான் தடம் கிடைத்தது. டிராக்டர் டயர் ஓடின மாதிரி கடலிலிருந்து மேட்டுக்கு ஒரு கோடு, மேட்டிலிருந்து கடலுக்கு ஒரு கோடு. ஆமை முட்டையிட்டுவிட்டுப் போயே போய்விட்டது. கூட வந்த தன்னார்வலர் ஒரு கம்பியால் மணலைப் பதமாகக் குத்திப் பார்த்து, குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் வைத்தார். நூறைத் தாண்டியது. எல்லோருக்கும் முகத்தில் சிரிப்பு.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் காலையில் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது கணக்கு இடித்தது. ஒரு கூடு, இரண்டு பிணம். கூட்டைக் காப்பாற்ற இத்தனை பேர் ராத்திரி முழுக்க நடக்கிறோம். அந்த இரண்டுக்கும் யார் நடந்தார்கள்?

அன்றைக்கு ஆரம்பித்த வாசிப்பின் குறிப்புகள்தான் இவை. வங்கக் கடலோரத்தில் கடந்த ஐம்பது வருடங்களில் ஆமைகளுக்காக யார், எங்கே காவல் நின்றார்கள், காவல் ஏன் இடம் மாறியது, கடைசியில் எங்கே நின்றுபோனது என்று ஒரு வரிசையில் போட்டுப் பார்க்கிறேன்.

கணவன் காத்த முட்டை

நம் கடலில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. பேராமை, அழுங்காமை, தோணியாமை, பெருந்தலை ஆமை, பங்குனி ஆமை. சென்னையிலும் ஒரிசாவிலும் முட்டையிட வருவது பெரும்பாலும் கடைசியில் சொன்ன பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். தை பிறந்ததும் கரையேறத் தொடங்கி, பங்குனியோடு ஓய்ந்துவிடும்.

இது முட்டையிடுவதைப் பார்த்து எழுதியவர்கள் நம்மிடம் ரொம்பப் பழைய காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். அகநானூற்றின் 160ஆம் பாட்டு, குமுழிஞாழலார் நப்பசலையார் என்ற புலவர் பாடியது. சூல் நிறைந்த ஆமை, அடும்பங்கொடிகள் சிதைய ஊர்ந்து, வளைந்த கழியின் ஓரத்து வெள்ளை மணல் மேட்டில் முட்டையிட்டு மூடிவைக்கிறது. தந்தத்தில் கடைந்த விளையாட்டுக் காய் மாதிரி உருண்டையான, புலால் வாடை அடிக்கிற முட்டைகள். குஞ்சு வெளியே வரும்வரை அதன் கணவன் அங்கேயே காவல் இருக்கிறது என்று பாட்டு போகிறது.

இதில் இடம் சரி. கழியோரம், மணல் மேடு, அடும்பங்கொடி: இன்றைக்கும் பங்குனி ஆமை தேடுவது இந்த மூன்றையும்தான். முட்டையின் வடிவம் சரி, வாடை சரி. காவல் மட்டும்தான் இடிக்கிறது. ஆண் பங்குனி ஆமை கரைக்கே வராது. பிறந்த அன்றைக்கு மணலில் ஓடிக் கடலில் இறங்கினால், அதோடு சரி. தாயும் காவல் இருப்பதில்லை. குழி தோண்டி, முட்டையிட்டு, மூடி, மேலே உடம்பால் தட்டிச் சமன் செய்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிவிடும். முட்டைக்கு மணல்தான் காவல்.

புலவர் தப்பாகப் பார்த்தார் என்று சொல்லத் தோன்றவில்லை. மணலில் அநாதையாகக் கிடக்கிற முட்டைக்கு யாராவது ஒருத்தர் காவல் இருக்கணும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த 'கணவன்' வேலைக்கு ஆள் வர 1970கள் வரை ஆனது.

மதராஸ், 1973

அதற்கு முன்பு நம் கரையில் ஆமை என்றால் உணவு, மருந்து, வியாபாரம். மன்னார் வளைகுடாவில் பேராமை பிடிப்பது ஒரு முழுநேரத் தொழிலாகவே இருந்தது. 1960களில் அந்தப் பகுதியில் வருஷத்துக்கு 3,000 முதல் 4,000 ஆமைகள் வரை பிடிபட்டதாக அன்றைய மீன்வள ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஆமை ரத்தத்தை மருந்தென்று குடிக்கிற வழக்கமும் பதிவாகியிருக்கிறது. மதராஸ் பக்கம் பங்குனி ஆமையின் இறைச்சிக்கு அவ்வளவு கிராக்கி கிடையாது, முட்டைக்கு உண்டு. மனிதர்கள் எடுத்தது போக மிச்சத்தை நாயும் நரியும் தோண்டின.

கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இருந்த இளைஞர்களும் 1973இல் கடற்கரையில் இரவு நடக்க ஆரம்பித்தார்கள். கூட்டைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவது. இந்தியாவில் கடலாமைப் பாதுகாப்பு இப்படித்தான் தொடங்கியது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். ஐ.ஐ.டி. மதராஸில் படிக்க வந்தவர், படிப்பை விட்டுக் கடற்கரையைப் பிடித்துக்கொண்டார். பிற்பாடு இந்தியக் கடற்கரையில் பெரும்பகுதியை, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் உட்பட, ஆமைகளைத் தேடிக் கால்நடையாகவே அளந்தவர். 1982 மழைக்காலத்தில் ஆளில்லாத சுஹேலி தீவில் தனியாகப் பல மாதம் தங்கினார். தபால் கிடையாது. மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, மனைவிக்கு வந்தும்விட்டது! 2023இல் காலமானார். இந்தியாவில் எந்தெந்தக் கரையில் எந்தெந்த ஆமை முட்டையிடுகிறது என்ற அடிப்படைத் தகவலில் பெரும்பகுதி இந்த ஒரு மனிதரின் கால் போட்ட கணக்கு.

ஆற்றின் வாயில் ஒரு லட்சம் ஆமை

மதராஸில் ஒரு ராத்திரிக்கு ஒன்றிரண்டு கூட்டுக்காக இவர்கள் நடந்துகொண்டிருந்த அதே சமயம், வடக்கே ஒரிசாவில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

பிராமணி, வைதரணி ஆறுகள் கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய மணற்கரைக்கு கஹிர்மாதா என்று பெயர். அங்கே சில இரவுகளில் ஆமைகள் ஒன்றிரண்டாக வராது. பல்லாயிரக்கணக்கில், சில வருஷம் லட்சக்கணக்கில், சேர்ந்தாற்போல் கரையேறும். ஸ்பானிய மொழியில் இதற்கு 'அரிபாடா' என்று பெயர், 'வந்து சேர்தல்' என்று அர்த்தம். உலகத்திலேயே சில இடங்களில் மட்டும் நடக்கிற காட்சி. முதலைகளைப் பற்றி ஆலோசனை சொல்ல ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் சார்பில் வந்த ராபர்ட் பஸ்டர்ட், 1974இல் இதை வெளியுலகுக்கு அறிவித்தார்.

'கண்டுபிடித்தார்' என்று எழுதுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயமா அது? ஜமீன் காலத்தில் அந்தக் காடும் கரையும் கனிகா ராஜாவுடையவை. ஆமை முட்டைக்கென்றே தனி வரி இருந்திருக்கிறது. 'அண்ட கர' என்று பெயர். அண்டம் என்றால் முட்டை, கரம் என்றால் வரி. ஜமீன் ஒழிந்த பிறகு அரசாங்க வனத்துறை அந்த இடத்தில் உட்கார்ந்து, உரிமம் கொடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டது. படகு படகாக முட்டைகள் ஆற்று வழியாக உள்ளூர்களுக்குப் போயின. மனிதர்கள் தின்றது போக மாட்டுக்கும் போட்டார்கள்.

பஸ்டர்டின் அறிக்கைக்குப் பிறகு உரிமம் நிறுத்தப்பட்டது. 1975இல் பிதர்கனிகா வனவிலங்குச் சரணாலயம் வந்தது. 1977இல் பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. புலிக்கு என்ன பாதுகாப்போ, காகிதத்தில் அதே பாதுகாப்பு. ஒரு துறை தான் விற்றுக்கொண்டிருந்த பொருளுக்கே ஓரிரு வருடத்தில் காவல்காரனாக மாறியது நம் நிர்வாக வரலாற்றில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரிசாவில் பிற்பாடு இன்னும் இரண்டு அரிபாடா இடங்கள் தெரியவந்தன. 1981இல் தேவி ஆற்று முகத்துவாரம், 1994இல் ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரம். மூன்றுமே ஆற்றின் வாய். இது தற்செயல் இல்லை. ஆறு கொண்டுவந்து கொட்டும் மணலை அலை ஒதுக்கி, முகத்துவாரத்தின் குறுக்கே நீளமான திட்டுகளைக் கட்டுகிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. நரியும் நாயும் எளிதில் வர முடியாது. புதுமணல், அதிகச் செடிகொடி கிடையாது, தோண்டச் சுலபம். நப்பசலையார் சொன்ன கழியோரத்து மணல் மேடு மாதிரியேதான்.

ஆனால் இந்த வீடு நிலையாக நிற்காது. ஒரு வெள்ளம் வந்தால் திட்டு உடையும், ஒரு புயல் வந்தால் இடம் மாறும். 1989 புயலில் கஹிர்மாதாவின் நீண்ட கரை அறுந்து, அதன் நுனி தீவாகப் பிரிந்துபோனது. ஆமைகள் அந்தத் தீவுக்குப் போயின. ஆறு மணல் கொண்டுவருகிற வரைக்கும் ஆமை சமாளித்துக்கொள்ளும். ஆற்றில் அணை கட்டி மணலை நிறுத்தினாலோ, கரையில் கல்லைக் கொட்டி அலையைத் தடுத்தாலோதான் சிக்கல்.

கல் கொட்டினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ஒரிசா வரை போக வேண்டாம். நம் கரையில் கடல் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸ் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்ததும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊரைத் தின்றது. ஊரைக் காப்பாற்றக் கல் சுவர் கட்டினோம். வேறு வழியும் இல்லைதான். ஆனால் கல் மேட்டில் ஆமை ஏற முடியாது. துறைமுகத்துக்குத் தெற்கே, அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி இன்றைக்கும் ஆமை வருகிறதென்றால், அங்கே இன்னும் மணல் மிச்சம் இருப்பதுதான் காரணம்.

தீகாவில் எடுத்த படங்கள்

முட்டை தப்பித்தது. உடனே அடுத்த வாசல் திறந்தது. 1970களின் நடுவிலிருந்து ஒரிசா, மேற்கு வங்கக் கடலில் வளர்ந்த ஆமைகளையே பிடித்து, லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள், இறைச்சிக்காக. ஒரு பருவத்துக்கு 50,000 முதல் 80,000 வரை என்று அன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. சட்டப்படி முதல் அட்டவணை விலங்கு, நடைமுறையில் ரயில் சரக்கு.

இதை ஆவணப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஜே. விஜயா. சென்னை எத்திராஜ் கல்லூரியில் படிக்கும்போதே கிண்டி பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று சொல்வார்கள். 1980களின் தொடக்கத்தில், தனியொரு இளம்பெண்ணாக ஆமைச் சந்தைகளைத் தேடி ஊர் ஊராகப் போனார். வங்காளத்தின் தீகா கடற்கரையில் குவியல் குவியலாகக் கிடந்த ஆமைகளை அவர் எடுத்த படங்கள் இந்தியா டுடேயில் வெளிவந்தன. அது அன்றைய பிரதமர் இந்திரா காந்தியின் கவனத்துக்குப் போனது. கடலோரக் காவல் படையை இறக்கச் சொன்னார். சில வருடங்களில் அந்த ரயில் வியாபாரம் படுத்துவிட்டது.

விஜயா முப்பது வயதைத் தொடாமல் 1987இல் இறந்துபோனார். எழுபது வருடங்களாக யார் கண்ணிலும் படாமல் இருந்த காட்டு ஆமை ஒன்றைக் கேரளக் காடுகளில் 1982இல் மறுபடி கண்டறிந்தவரும் அவரே. அந்த ஆமையின் இனப்பெயரில் இன்று அவர் பெயர் இருக்கிறது: விஜயசெலிஸ்.

இதுவரை வந்த வரிசையைக் கவனியுங்கள். 1973இல் காவல் மணலில் நின்றது. 1975இல் படகுத்துறையில், 1982இல் ரயிலடியிலும் சந்தையிலும். ஒவ்வொரு தடவையும் எதிராளி கண்ணுக்குத் தெரிந்தான். முட்டை எடுக்கிறவன், ஆமை விற்கிறவன். பிடிக்க முடிந்தது, நிறுத்த முடிந்தது. அடுத்து வந்தது அப்படிப்பட்டதில்லை. ஆமையைக் கொல்லணும் என்று நினைக்காதவர்கள் கையில் ஆமை சாக ஆரம்பித்தது.

வலைக்குள் மூச்சு

1952இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி கேரளத்தில் நீண்டகரையை மையமாக வைத்து மீன்பிடிப்பை இயந்திரமயமாக்கும் வேலை தொடங்கியது. அமெரிக்கா, ஜப்பான் சந்தையில் இறாலுக்கு இருந்த விலை தெரிந்ததும் விசைப்படகும் இழுவலையும் இரண்டு கடற்கரையிலும் பரவின. இழுவலை என்பது கடலடியைத் தடவிக்கொண்டே போகிற பை. இரண்டு மூன்று மணி நேரம் இழுத்துவிட்டுத்தான் தூக்குவார்கள்.

ஆமைக்கு நுரையீரல். நிம்மதியாக இருந்தால் நீருக்கடியில் நெடுநேரம் தாக்குப் பிடிக்கும். வலைக்குள் மாட்டித் தவிக்கும்போது மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். வலை மேலே வரும்போது செத்தோ, மயங்கியோ கிடக்கும். திருப்பிக் கடலில் போடுவார்கள். சில நாளில் கரை ஒதுங்கும். அன்றைக்கு நான் பார்த்த மாதிரி.

கொடுமை என்னவென்றால், இனப்பெருக்கக் காலத்தில் இந்த ஆமைகள் முகத்துவாரங்களுக்கு எதிரே, கரைக்குச் சில கிலோமீட்டருக்குள்தான் கூடியிருக்கும். அதே ஆற்று வண்டல் இறாலையும் மீனையும் அங்கே கூட்டுகிறது. அதனால் விசைப்படகும் அங்கேதான் வரும். 1993-94 தொடங்கிப் பல பருவங்களில் ஒரிசாக் கரையில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. 1997இல் கஹிர்மாதாவைக் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள். சாவு உடனே நிற்கவில்லை.

இதற்கு ஒரு கருவி உண்டு. வலையின் கழுத்தில் ஒரு கம்பித் தட்டி, அதன் பக்கத்தில் ஒரு திறப்பு. இறால் கம்பி இடுக்கு வழியாகப் பைக்குள் போய்விடும், ஆமை தட்டியில் முட்டித் திறப்பு வழியாக வெளியே போய்விடும். இந்தக் கருவி போடாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்ற அமெரிக்கச் சட்டம் 1996இல் நம் நாட்டுக்கும் சேர்த்து அமலானது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது: ஆமையைக் காப்பாற்ற இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது நியாயமான நோக்கம்தான், ஆனால் அமெரிக்கா அதை நாட்டுக்கு நாடு பாரபட்சமாகச் செய்தது தப்பு என்றது.

அடுத்தவன் சட்டத்தை நம் மேல் ஏன் திணிக்கிறாய் என்ற நம் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வழக்கில் ஜெயித்த பிறகு, அந்தக் கருவியை நமக்காக நாமே போட்டிருக்கலாம் இல்லையா? இந்தியக் கடலில் பிடித்த இறாலை இதே காரணத்துக்காக அமெரிக்கா மறுபடியும் 2019 முதல் வாங்காமல் நிறுத்தியது. இருபது வருஷத்தில் பேச்சு வளர்ந்தது, தட்டி வலையில் ஏறவில்லை.

கட்டுமரத்துக்குப் போட்ட கோடு

சென்னைக்குத் திரும்புவோம். பாம்புப் பண்ணைக்குப் பிறகு கோவளத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், அப்புறம் வனத்துறையும் பொரிப்பகம் நடத்தின. 1988இல் மாணவர்களே சேர்ந்து ஒரு கடலாமைப் பாதுகாப்புக் குழு ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைக்கும் நீலாங்கரையிலிருந்து நடக்கிறது. படிப்பு முடிந்து ஒரு செட் போக, அடுத்த செட் வரும். சம்பளம் கிடையாது. முட்டை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்து மாற்றியாக வேண்டும், தாமதித்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அசைத்தால் செத்துவிடும். நாற்பத்தைந்து, ஐம்பது நாள் கழித்துக் குஞ்சு வரும். வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே ஓடுவது குஞ்சின் பழக்கம். ஒரு காலத்தில் அது கடலின் வெளிச்சம். இன்றைக்கு ரோட்டு விளக்கு. பொரிப்பகம் இல்லையென்றால் பெசன்ட் நகரில் பிறக்கிற குஞ்சு கடலுக்குப் பதில் டீக்கடைக்குப் போய்ச் சேரும். ஆகவே இந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரையிலும் செத்து ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்தைத் தாண்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மணலில் ஐம்பது வருஷக் காவலை மீறி, கடலில் ஒரே மாதத்தில் இத்தனை.

இதில் இரண்டு விஷயம் என்னை உறுத்துகிறது. ஒன்று, காலண்டர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது மீன் பெருகுவதற்காகப் போட்டது. ஆமை வருவதோ ஜனவரி முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது தாய் ஆமைகள் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கும், அல்லது செத்திருக்கும்.

இரண்டாவது, கோடு. 1970களில் மதராஸ் கரையில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் பெரிய மோதல்கள் நடந்தன. கரையோரம் வரை வந்து விசைப்படகு அள்ளிக்கொண்டு போனால் கட்டுமரம் எங்கே போகும்? அந்தச் சண்டையின் விளைவாக வந்ததுதான் 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல் வரை சின்னப் படகுக்கு, அதற்கு அப்பால்தான் விசைப்படகுக்கு. ஒரிசாவிலும் அதற்கு முந்தின வருஷமே இதே மாதிரிச் சட்டம், 5 கிலோமீட்டர்.

ஆமையின் பெயரே அந்தச் சண்டையில் வரவில்லை. ஆனால் பங்குனி ஆமை கூடுகிற கடல் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது. ஆமைக்கு மிகத் தேவையான சட்டத்தை எந்த விலங்கு ஆர்வலரும் எழுதவில்லை. கட்டுமரக்காரர்கள் தங்கள் வயிற்றுக்காக அடிபட்டு வாங்கிய சட்டம் அது. அந்தக் கோட்டை ஒழுங்காகக் காத்திருந்தால் கரைவலைக்காரருக்கும் ஃபைபர் படகுக்காரருக்கும் மீன் கிடைத்திருக்கும், ஆமையும் கரைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆமை சாகும்போதெல்லாம் 'மீனவர்கள்' என்று மொத்தமாகப் பழி போடுகிறோம். ஆமை விழுந்தால் சின்ன வலைக்காரருக்கு நஷ்டம், வலை கிழியும். நிறையப் பேர் வலையை அறுத்து ஆமையை விடுவிக்கிறார்கள். ருஷிகுல்யா முகத்துவாரத்தில் ராத்திரி காவல் இருப்பதே சுற்றியுள்ள மீனவ கிராமத்து இளைஞர்கள்தான். விசைப்படகுக்காரரும் கடனில் படகு வாங்கி, டீசல் விலைக்கு ஈடு கொடுக்கத் தவிக்கிறவர். கோட்டைத் தாண்டாமல் அவர் பிழைக்க வழி செய்வது அரசாங்கத்தின் வேலை. கோட்டைக் காப்பதும் அதன் வேலையே.

பழைய காவலின் பலன்

'ஒரிசாவில் ஆமை கூடிக்கொண்டேதானே இருக்கிறது, பிறகென்ன கவலை?' என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யாவில் மட்டும் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டன. கஹிர்மாதாத் தீவுகளுக்குப் பக்கத்தில் இருக்கிற அப்துல் கலாம் தீவில் ஜனவரி முதல் மார்ச் வரை ஏவுகணைச் சோதனையையே நிறுத்திவைப்பதாக 2024 கடைசியில் அறிவித்தார்கள். ஆமைக்காக ஏவுகணை நிற்கிற நாடு இது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் ஆமையின் கணக்கு நம் கணக்கு மாதிரி வருஷா வருஷம் தீராது. பங்குனி ஆமை குஞ்சாகக் கடலில் இறங்கி முட்டையிடத் திரும்பப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும் என்பது மதிப்பீடு. ஆயிரம் குஞ்சில் ஒன்று அந்த வயதைத் தொட்டால் அதிகம் என்பார்கள். ஆக, இன்றைக்குக் கரையேறுகிற ஆமைகள் நாம் இன்று செய்ததின் பலன் இல்லை. அவை 1975இல் உரிமத்தை நிறுத்தியவர்களின், 1982இல் படம் எடுத்தவரின், ராத்திரி நடந்தவர்களின் பலன். அதே மாதிரி, இந்த வருஷம் செத்தவற்றின் நஷ்டத்தை நாம் உடனே பார்க்க மாட்டோம். ஆயிரத்தில் ஒன்றாகப் பிழைத்து, பத்துப் பதினைந்து வருஷம் கடலில் தாக்குப் பிடித்து, வயிற்றில் முட்டையோடு திரும்பி வந்தது அது. அதன் சாவைப் பொரிப்பகத்தில் விட்ட நூறு குஞ்சால் ஈடு கட்ட முடியாது. ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தாலே, ஒரு தாய்க்குப் பத்துக் கூடு வேண்டும்.

பஸ்ஸில் இடித்த கணக்கு இதுதான். ஒரு கூடு, இரண்டு பிணம்.

அடையாறு முகத்துவாரத்தின் தென்கரையில், ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பக்கம் போய் நின்றால், உடைந்த பாலம் தெரியும், கறுத்த தண்ணீர் தெரியும், அதைத் தாண்டி வாயை மூடப் பார்க்கிற மணல் திட்டும் தெரியும். ஊர்ச் சாக்கடை முழுக்க இறங்குகிற ஆறு. இருந்தாலும் ஆறுதான். கழி, மணல், அடும்பங்கொடி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஜனவரி பிறந்தால் அதற்கு எதிரே, ஐந்தாறு கிலோமீட்டருக்குள், ஆமைகள் மிதந்துகொண்டிருக்கும். கரையில் டார்ச் அணைத்துக் காத்திருக்க ஆள் இருக்கிறது. 1983இல் போட்ட கோடு கடலில் இருக்கிறது. அந்தக் கோட்டில் ராத்திரி ரோந்து போக ஒரு படகு வேண்டும்.